ஒரு ட்யூப் எத்தனை நாள் வந்தது?

எக்ஸிமாவுக்கு, அதாவது கரப்பானுக்கு, ஸ்டீராய்டு களிம்பு போட்டும் கேட்கவே இல்லை என்று யாராவது சொன்னால், நான் பதிலுக்கு ஒன்றுதான் கேட்பேன். ஒரு ட்யூப் எத்தனை நாள் வந்தது?

இது என் கேள்வி இல்லை. என் மகளைப் புதுச்சேரியில் ஒரு தோல் மருத்துவரிடம் அழைத்துப் போகிறோம். கூட்டமான நாட்களில் உள்ளே இரண்டு மூன்று பேரை ஒன்றாக உட்கார வைத்துவிடுவார்கள். எங்களுக்கு முன்னால் இருப்பவரிடம் அவர் பேசுவது காதில் விழும். பழைய சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தோலைத் தொடுவதற்கு முன்பே இதைத்தான் கேட்பார். வரும் பதில்கள் இரண்டே ரகம். "போன பொங்கலுக்கு வாங்கினது டாக்டர், இன்னும் பாதி இருக்கு." அல்லது, "வாரத்துக்கு ஒண்ணு காலி ஆயிடுது, ஆனா விட்டா திரும்ப வந்துடுது." முதல் ஆள், தோலின் அழற்சியை அடக்கும் அந்த மருந்தின் ஸ்டீராய்டு என்ற பெயருக்கே பயந்து, மோதிர விரலால் தொட்டும் தொடாமலும் பூசியவர். இரண்டாமவர் யாரையும் கேட்காமல் வருஷக்கணக்காக அதை முகப்பூச்சு மாதிரி பூசிக்கொண்டிருப்பவர். அரிப்போடு வாழும் நம் ஊர்க்காரர்களில் பெரும்பாலானோரை இந்த இரண்டு பக்கத்தில் ஏதாவது ஒன்றில் வைத்துவிடலாம்.

எனக்குச் சிறு வயதிலிருந்தே முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் கரப்பான் உண்டு. கடலூர் மஞ்சக்குப்பத்தில் வளர்ந்தேன். அரிப்பில் தூக்கமில்லாமல் கிடந்த இரவுகளில் அம்மா விசிறிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். இப்போது என் மகளுக்கும் அதே இடங்களில் வந்திருக்கிறது. இந்த வியாதி அப்படித்தான் குடும்பங்களில் ஓடும். ஒருவருக்கு எக்ஸிமா, ஒருவருக்கு இளைப்பு, ஒருவருக்குக் காலையில் எழுந்தால் அடுக்குத் தும்மல். என் அண்ணனுக்கு இளைப்பு. அதனால் இதைப் பற்றி எனக்குக் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன், கேட்டிருக்கிறேன். எனக்கு விளங்கியது இதுதான். களிம்பில் பெரிய குறை இல்லை. எவ்வளவு, எங்கே, எத்தனை நாள் என்ற மூன்றையும் நோயாளியின் கையைப் பிடித்துச் சொல்லித் தருவதில்தான் குறை இருக்கிறது. "மெல்லிசா தடவுங்க" என்று ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. மெல்லிசு என்றால் ஆளுக்கு ஒரு அளவு.

முதலில் எவ்வளவு என்பது. அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1991இல் பிரிட்டனில் லாங், ஃபின்லே என்ற இரு மருத்துவர்கள் எழுதியது. பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரலில், நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ட்யூபைப் பிதுக்கினால் வரும் நீளம் ஒரு விரல்நுனி அளவு. ஏறக்குறைய அரை கிராம். பெரியவரின் இரண்டு உள்ளங்கைகளை விரல்களோடு சேர்த்து விரித்து வைத்தால் எவ்வளவு இடம் அடைக்குமோ, அவ்வளவு தோலுக்கு அது சரியாக வரும். குழந்தைக்குப் போடும்போதும் அளப்பது பெரியவர் விரலில்தான்.

எங்கள் மருத்துவர் என் விரலை நீட்டச் சொல்லி அதிலேயே பிதுக்கிக் காட்டினார். வெள்ளையாக ஒரு கோடு, மடிப்பு வந்ததும் நிறுத்தினார். "இதைப் பாப்பாவோட ரெண்டு முழங்கை மடிப்புக்கும் பிரிச்சுப் போடுங்கம்மா. தேய்க்க வேணாம், முடி படுத்திருக்கிற பக்கமா இழுத்து விடுங்க" என்றார். பார்க்க நிறைய இருப்பது போலத்தான் தெரிந்தது. பூசி முடித்தபோது தோல் லேசாக மினுங்கியது, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கைப் பெரியவர்களுக்குப் போட்டுப் பாருங்கள். தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு கைக்கு மூன்று அளவு, மணிக்கட்டுக்குக் கீழே ஒரு அளவு. ஆக ஒரு கைக்கு 2 கிராம். இரண்டு கையிலும் முழுக்கப் பரவியிருந்தால் ஒரு வேளைக்கு 4 கிராம். 15 கிராம் ட்யூப், தினம் ஒரு வேளை போட்டாலும், நாலு நாள் வராது. அப்படிப்பட்டவருக்கு அதே ட்யூப் பொங்கலிலிருந்து ஆடி வரை வருகிறது என்றால், அவர் மருந்தே போடவில்லை என்றுதான் அர்த்தம். மருந்து கேட்கவில்லை என்று சொல்லி இன்னும் பலமான மருந்துக்குத் தாவுவது அதற்கப்புறம் நடக்கிறது.

பலம் என்றதும் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ட்யூபில் போட்டிருக்கும் சதவீதத்தைப் பார்த்துப் பலத்தை எடை போடாதீர்கள். ஹைட்ரோகார்டிசோன் 1 சதவீதம் என்று இருக்கும். குளோபெட்டசால் 0.05 சதவீதம்தான். எண்ணைப் பார்த்தால் இரண்டாவது சாது போலத் தெரியும். உண்மையில் ஹைட்ரோகார்டிசோன் இந்த வரிசையில் மிக மென்மையானது, குளோபெட்டசால் உச்சியில் இருப்பது. இரண்டுக்கும் இடையே பல நூறு மடங்கு வித்தியாசம். நடுவில் மொமெட்டசோன், ஃப்ளூட்டிகசோன், பீட்டாமெத்தசோன் எல்லாம் வருகின்றன. முகம், கண் இமை, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் தோல் மருந்தை நிறைய இழுத்துக்கொள்ளும். முன்கையை விட நெற்றி ஏறக்குறைய ஆறு மடங்கு உறிஞ்சும் என்று 1967லேயே அளந்திருக்கிறார்கள். உள்ளங்காலோ முன்கை உறிஞ்சுவதில் ஏழில் ஒரு பங்குதான். அதனால் கால் வெடிப்புக்கு எழுதிக் கொடுத்த ட்யூபை வீட்டில் இன்னொருவர் எடுத்துக் கண்ணோரம் பூசுவது ஆபத்தான வேலை. கண்ணைச் சுற்றி நாள்பட பலமான ஸ்டீராய்டு போட்டால் கண்ணுக்குள் அழுத்தம் கூடலாம், புரை விழலாம். எங்கள் வீட்டு ட்யூபுகள் ஒவ்வொன்றிலும் யாருக்கு, எந்த இடத்துக்கு என்று பிளாஸ்திரி ஒட்டி எழுதி வைத்திருக்கிறேன்.

எத்தனை நாள் என்பதில்தான் இன்னும் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். இரண்டு நாளில் அரிப்பு நின்றுவிடும். நின்றதும் நிறுத்திவிடுவோம். ஆனால் அரிப்பு நின்றாலும் தோலுக்குள் அழற்சி ஓயவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள் என்று மருத்துவர் சொன்னார். என் மகளின் முழங்கை மடிப்பில் பார்வைக்கு ஒன்றுமே இல்லாத நாளிலும் விரலுக்குச் சொரசொரப்பு தட்டுப்பட்டது. பக்கத்துத் தோல் மாதிரி வழவழவென்று ஆகும்வரை தினமும் போட வேண்டும், பிறகுதான் குறைக்க வேண்டும். அடிக்கடி திரும்பி வருகிற இடங்களுக்கு, ஆறின பிறகும் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் போட்டுக்கொண்டு வரச் சொல்வதும் உண்டு. நாங்கள் சனி, ஞாயிறு என்று வைத்திருக்கிறோம். இப்படிப் போட்டால் மறுபடி கிளம்பிப் பரவுவது நன்றாகக் குறைகிறது. கணக்குப் பார்த்தால் செலவாகும் மருந்தும் குறைவுதான்.

நம் நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். புத்தகங்களிலும் இணையத்திலும் எக்ஸிமா படம் என்றால் வெள்ளைத் தோலில் செக்கச்செவேலென்று இருக்கும். நமக்கு அப்படித் தெரியாது. கருஞ்சாம்பலாகவோ ஊதா கலந்த கருப்பாகவோ இருக்கும், சின்னச் சின்ன மேடுகளாக இருக்கும். சிவப்பைத் தேடினால் பாதி நோய் கண்ணில் படாமல் போய்விடும். ஆறின பிறகு அந்த இடம் மாதக்கணக்கில் கருத்தோ வெளுத்தோ இருக்கும். வெளுப்பைப் பார்த்ததும் வெண்குஷ்டமோ என்று பயந்து, போட்டுக்கொண்டிருந்த களிம்பை வீசியெறிபவர்கள் உண்டு. அழற்சி விட்டுப்போன தடம் அது. பெரும்பாலும் தானே நிறம் திரும்பும். பலமான ஸ்டீராய்டை நெடுநாள் போட்டாலும் தோல் வெளுக்கும் என்பதால், எது எதனால் என்று மருத்துவர் பார்த்துச் சொல்வதுதான் நல்லது.

இனி அந்த இரண்டாவது ரகம், யாரையும் கேட்காமல் பூசுபவர்கள். "அண்ணே, அரிப்புக்கு ஒண்ணு குடுங்க" என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் கைக்கு வருவது பல நேரம் ஒரு கலவைக் களிம்பு. ஸ்டீராய்டு, பாக்டீரியாவுக்கு ஒன்று, பூஞ்சைக்கு ஒன்று, எல்லாம் ஒரே ட்யூபில். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு இடுப்பில் படர்தாமரை. புடவை கட்டும் இடத்தில் வியர்வை தங்கி நம் ஊர் வெயிலில் சாதாரணமாக வருவதுதான். கடையில் கொடுத்த கலவைக் களிம்பைப் போட்டார். மூன்றாம் நாள் அரிப்பு போச்சு. விட்டார், பரவியது. மறுபடி போட்டார். கடைசியில் விளிம்பு கட்டிய வட்டமாகத் தெரிய வேண்டிய படை, உருவமே தெரியாமல் வயிறு, தொடை என்று படர்ந்துவிட்டது. ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும், கூடவே பூஞ்சையை எதிர்க்கும் தோலின் சக்தியையும் அடக்கும். நாடு முழுக்கவே படர்தாமரை இப்படி எளிதில் தீராத நோயாக மாறியிருப்பதைத் தோல் மருத்துவர்கள் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இன்றைக்கு வட்டமான, ஓரம் தடித்த படை எதைப் பார்த்தாலும் எனக்குக் கவலையாக இருக்கிறது. அதற்கு ஸ்டீராய்டு போடக்கூடாது.

இதைவிட வேதனை, சிவப்பாக வேண்டும் என்று இந்தக் களிம்புகளை முகத்தில் பூசும் பிள்ளைகள். கல்யாணத்துக்கு முன்னால், காலேஜ் சேர்வதற்கு முன்னால் என்று யாரோ தோழி சொல்லி ஆரம்பிக்கிறார்கள். முதல் சில வாரம் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு தோல் மெலிந்து நரம்பு நரம்பாகத் தெரியும், பரு கிளம்பும், வெயிலில் போனால் தீயாக எரியும். நிறுத்தினால் இன்னும் எரியும் என்பதால் நிறுத்தவும் முடியாது. இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்குத் தனிப் பெயரே வைத்துப் போராடினார்கள். 2018இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்ததில் அவர்களுடைய பங்கு பெரிது. அறிவிப்பு வந்தது, ஆனால் கடை வாசலில் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை.

ஸ்டீராய்டுக்குப் பயந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. இப்படி முகம் கெட்டுப்போன ஒருவரைப் பார்த்தவர் பயப்படத்தான் செய்வார். ஆனால் அந்தப் பயத்தால் ஒரு குழந்தை இரவெல்லாம் சொறிந்து ரத்தம் கட்டிக் கிடப்பதும் கொடுமை. 1952இல் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் சல்ஸ்பர்கரும் விட்டனும் ஹைட்ரோகார்டிசோனைத் தோலில் பூசிப் பலன் கண்டதாக எழுதும்வரை, தாரும் கட்டுத்துணியும் தவிர இதற்கு உருப்படியாக எதுவும் இல்லை. என் பாட்டி காலத்தில் வேப்பிலையும் மஞ்சளும் குப்பைமேனியும்தான். சொறிந்து திறந்த தோலில் குப்பைமேனி பட்டால் எப்படி எரியும் என்பது பட்டவர்களுக்குத் தெரியும்.

ஸ்டீராய்டு இல்லாத களிம்பும் இருக்கிறது, டாக்ரோலிமஸ். ஜப்பானில் ட்சுகுபா என்ற இடத்து மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து 1984இல் கண்டெடுத்தது. மாற்று உறுப்பை உடல் தள்ளிவிடாமல் இருக்கக் கொடுக்கும் மருந்தாக வந்து, பிறகு களிம்பானது. குழந்தைகளுக்கு 0.03 சதவீதம், பெரியவர்களுக்கு 0.1. தோலை மெலிய வைக்காது என்பதால் கண் இமைக்கும் கழுத்துக்கும் இதுதான் வசதி. ஆரம்ப நாட்களில் எரியும். இதை முன்கூட்டிச் சொல்லாததால் ஒரே நாளில் நிறுத்திவிடுபவர்கள் ஏராளம். என் மகளும் அழுதாள். ட்யூபை ஃப்ரிட்ஜில் வைத்துப் பூசினோம், குளித்த ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு பூசினோம், ஒரு வாரத்துக்குள் எரிச்சல் அடங்கியது. 2006இல் அமெரிக்காவில் இதன் அட்டையில் புற்றுநோய் எச்சரிக்கை ஒன்றைச் சேர்த்தார்கள். அதைப் படித்துவிட்டு என்னிடம் கவலையோடு கேட்கும் அம்மாக்கள் உண்டு. அதற்குப் பிறகு குழந்தைகளைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்த ஆய்வில் அந்தப் பயத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

இத்தனை களிம்பும் தீயை அணைக்கத்தான். திரும்பத் திரும்பப் பற்றாமல் இருக்கத் தோலுக்கு ஈரப்பசை வேண்டும். மேல் தோல் செங்கல் சுவர் மாதிரி. செல்கள் கல், நடுவில் உள்ள கொழுப்பு காரை. எங்களைப் போன்றவர்களுக்குப் பிறவியிலேயே அந்தக் காரை பூச்சு சரியில்லை. தோலின் இந்தத் தடுப்பைக் கட்ட உதவும் ஃபிலாக்ரின் என்ற புரதத்துக்கான மரபணுவில் கோளாறு இருப்பவர்களுக்கு எக்ஸிமா வரும் வாய்ப்பு அதிகம் என்று 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் கண்டுபிடித்தார்கள். தண்ணீர் வெளியே போகிறது, தூசியும் கிருமியும் உள்ளே வருகின்றன. அதனால் குளித்துத் துவட்டிய உடனே, உடம்பில் ஈரம் இருக்கும்போதே மாய்ஸ்சரைசர் போட வேண்டும். ஸ்டீராய்டும் அதுவும் ஒன்றன்மேல் ஒன்றாக உடனே வேண்டாம், கொஞ்ச நேரம் இடைவெளி விடுங்கள். இதிலும் கஞ்சத்தனம் உதவாது. உடம்பு முழுக்க வறண்ட குழந்தைக்கு வாரத்துக்குக் கால் கிலோவிலிருந்து அரைக் கிலோ வரை செலவாகும் என்பது மருத்துவக் கணக்கு. வாசனை இல்லாத, பெரிய டப்பாவாக வரும் சாதாரண பாரஃபின் க்ரீம் போதும். விலை உயர்ந்த குட்டி பாட்டிலை வாங்கி மிச்சம் பிடித்துப் போடுவதை விட இது எவ்வளவோ மேல்.

தேங்காய் எண்ணெய் போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். போடலாம். பிலிப்பைன்ஸில் குழந்தைகளிடம் செய்த ஆய்வில், மினரல் ஆயிலை விட, பச்சைத் தேங்காயிலிருந்து எடுக்கும் வெர்ஜின் தேங்காய் எண்ணெய் நன்றாகவே வேலை செய்தது. பிறந்த குழந்தையைப் பார்க்க வருபவர்கள் ஆசையாக வாங்கி வரும் ஆலிவ் எண்ணெய்தான் வேண்டாம், அது தோலின் தடுப்பைக் கெடுக்கிறது. சோப்பும் அப்படித்தான். தோல் லேசான அமிலத் தன்மையில் இருக்கும், நம் சோப்பு காரம். போர் தண்ணீர் உப்பு என்பதால்தான் அரிப்பு என்று சொல்லி, தண்ணீரை மென்மையாக்கும் கருவியை விற்க ஒருவர் எங்கள் வீட்டுக்கே வந்தார். 2011இல் பிரிட்டனில் எக்ஸிமா குழந்தைகளின் வீடுகளில் அந்தக் கருவியை வைத்தே சோதித்தார்கள். கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. அந்தக் காசுக்குப் பல மாதத்துக்கு மாய்ஸ்சரைசர் வாங்கிவிடலாம்.

சாப்பாட்டுக்கு வருவோம். கரப்பான் பண்டம் என்று கத்தரிக்காய், கருவாடு, இறால், நண்டு எல்லாவற்றையும் ஒதுக்கும் வீடுகள் நம் பக்கம் நிறைய. என் மாமியாரும், "வேணாம்மா, பிள்ளைக்குச் சொறிஞ்சிடும்" என்று கருவாட்டுக் குழம்பு வைக்கும் நாளில் மகளுக்குத் தனியாக ரசம் வைப்பார். பாசத்தில் செய்வது. ஆனால் கடற்கரை ஊரில் ஒரு குழந்தைக்கு மீனையும் முட்டையையும் பாலையும் ஒருசேர நிறுத்தினால் வளர்ச்சி என்னாவது? சின்னக் குழந்தைகளில் சிலருக்கு, முக்கியமாகக் கடுமையான எக்ஸிமா உள்ளவர்களுக்கு, முட்டையோ பாலோ ஒத்துக்கொள்ளாமல் இருக்கும், அது உண்மை. சாப்பிட்ட சிறிது நேரத்தில் தடித்துப்போனால், உதடு வீங்கினால், வாந்தி எடுத்தால் மருத்துவரிடம் சொல்லிப் பரிசோதிக்க வேண்டும். சந்தேகத்தின் பேரில் தட்டைக் காலி செய்யக் கூடாது. மாமியாரை டாக்டர் முன்னாலேயே உட்கார வைத்துக் கேட்கச் சொன்னேன். இப்போது மகள் மீன் சாப்பிடுகிறாள்.

வேறொரு கூட்டம் இருக்கிறது, அவர்களுக்கு எவ்வளவு களிம்பு போட்டாலும் தீராது, ஏனென்றால் காரணம் தினமும் கையில் படுகிறது. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்திருக்கிறீர்களா? ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலைக் கருக்கிவிடும், சிலருக்கு ஒவ்வாமையாகவும் மாறும். கடலூர் துறைமுகத்தில் நாள் முழுக்க இறால் உரிப்பவர்களுக்கு ஈரமும் உப்பும் ஐஸும் சேர்ந்து விரல் இடுக்கு வெடிக்கும். கொத்தனார்களுக்கு சிமெண்டில் உள்ள குரோமியம். வயல் வரப்பிலும் காலி மனைகளிலும் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியம் காற்றிலேயே பறந்து முகத்திலும் கழுத்திலும் அரிப்பைக் கிளப்பும். ஒட்டுப் பொட்டு, தலைச்சாயம், கவரிங் நகையின் நிக்கல் என்று பட்டியல் நீளும். இவர்களுக்கு முதுகில் சின்னச் சின்ன வில்லைகளை ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மர் மாதிரி பெரிய ஆஸ்பத்திரிகளின் தோல் பிரிவில் விசாரித்துப் பாருங்கள். கொஞ்சம் அலைச்சல்தான். ஆனால் எது ஆகாது என்று தெரியாமல் ஆயுசுக்கும் ட்யூப் வாங்குவதை விட அந்த அலைச்சல் பரவாயில்லை. வேலையை விட முடியாதவர்களுக்கு, உள்ளே பருத்திக் கையுறை, மேலே ரப்பர் கையுறை, வேலை முடிந்ததும் க்ரீம். இது முதலாளி வாங்கித் தர வேண்டியது என்பது என் கருத்து.

களிம்பைச் சரியான அளவில், சரியான நாட்களுக்குப் போட்டும் அடங்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் புற ஊதா ஒளிச் சிகிச்சை, மாத்திரை, 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டூபிலுமாப் ஊசி எல்லாம் உண்டு. ஊசியின் விலை நம்மில் பலருக்கு எட்டாதது. அந்தக் கட்டம் வருவதற்குள் விரல்நுனிக் கணக்கை ஒருமுறை ஒழுங்காகச் செய்து பார்த்துவிட வேண்டும் என்பதற்காகவும்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

வீட்டிலேயே சமாளிக்கக் கூடாதவை இரண்டு. எக்ஸிமா இருந்த இடத்தில் நீர் வடிந்து, தேன் நிறத்தில் பொருக்கு கட்டினால் பாக்டீரியா ஏறியிருக்கிறது. ஸ்டீராய்டு மட்டும் போதாது, போய்க் காட்டுங்கள். எக்ஸிமா திடீரென்று வலிக்க ஆரம்பித்து, ஒரே அளவில் கொத்துக் கொத்தாகக் கொப்புளங்கள் கிளம்பி, அவை உடைந்து குழி குழியாகத் தெரிந்து, கூடவே காய்ச்சலும் அடித்தால் அது ஹெர்ப்பிஸ் வைரஸாக இருக்கலாம். அம்மை போட்டிருக்கிறது என்று வேப்பிலை கட்டி வீட்டில் வைத்திருந்துவிடாதீர்கள். அதற்கு வைரஸ் மருந்து சீக்கிரம் தொடங்க வேண்டும், கண்ணோரம் இருந்தால் பார்வைக்கே ஆபத்து. ராத்திரி ஆனாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், போட்டுக்கொண்டிருக்கும் எல்லா ட்யூபையும் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள்.